பறக்கும் ரயிலில் சேப்பாக்கம்

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் ரயிலைவிடக் கட்டடம் பெரிது. இத்தனை தூணும் இத்தனை தளமும் யாருக்காக என்று கேட்கத் தோன்றும்; பாதி இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. நடைமேடைக்கு ஏறினால் ஒரு பக்கம் டைடல் பார்க்கின் கண்ணாடிச் சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கிறது. மறுபக்கம் மருந்தீஸ்வரர் கோயில் இருக்கும் திசை, அதற்கப்பால் கடல். டைடல் பார்க் 2000இல் திறந்தது. மயிலாப்பூரோடு நின்றிருந்த ரயில் 2004இல் இந்த நிலையம்வரை வந்தது, 2007இல் வேளச்சேரிக்குப் போயிற்று. இங்கிருந்து வடக்கே ஏறினால் அரை மணி நேரத்துக்குள் சேப்பாக்கத்தில் இறங்கலாம், டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. தெற்கே பஸ் பிடித்தால் பழைய மகாபலிபுரம் சாலை. வழி நெடுகப் பொறியியல் கல்லூரிகள்.

சென்னையில் கிரிக்கெட் ஆடிய ஒரு தினுசான ஆட்களின் வாழ்க்கை இந்த இரண்டு திசைக்கும் நடுவில்தான் கழிந்திருக்கிறது. எஸ். வெங்கட்ராகவன், கே. ஸ்ரீகாந்த், ஆர். அஸ்வின். மூன்று தலைமுறை. மூவரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள், மூவரும் பொறியியல் பட்டதாரிகள். அவர்கள் படித்த இடம், பழகிய தெரு, ஆடிய மைதானம் எல்லாவற்றையும் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். காலையில் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சீக்கிரம் கிளம்பினால் கடற்கரையையும் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருவான்மியூர் கடற்கரையில் அலை தொட்டுவிட்டுப் போன ஈர மணல்தான் பிட்ச். ஸ்டம்புக்கு ஒரு முனையில் செருப்புக் குவியல், மறுமுனையில் செங்கல். தண்ணீரில் நேராக அடித்தால் அவுட். ஒன் பிட்ச் கேட்சை ஒரு கையால் பிடித்தால் அதுவும் அவுட். பேட்டிங் செய்கிற அணியில் ஒருவன்தான் அம்பயர், ஆகவே எல்.பி.டபிள்யூ. கிடையாது.

பந்து போட வந்த பையன் டென்னிஸ் பந்தைக் கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் நடுவில் கவ்விக்கொண்டான். கை மேலே வந்ததும் சொடக்குப் போடுகிற மாதிரி நடுவிரலால் பந்தைத் தள்ளிவிட்டான். உள்ளே வரும் என்று காலை நீட்டிய பேட்ஸ்மேனைத் தாண்டிப் பந்து வெளியே திரும்பிச் செங்கலில் பட்டது.

"டேய், மாங்காடா! கை மடங்குது!"

"எங்கடா மடங்குது? சொடக்குடா அது. நீ பாக்கவே இல்ல."

"சரி சரி, அது ட்ரையல் பால். திரும்பப் போடு." சொன்னவன்தான் கூட்டத்தில் மூத்தவன், பேட்டும் அவனுடையது. அப்பீல் அத்தோடு முடிந்தது.

இந்தச் சொடக்குப் பந்தை உலகம் கேரம் பால் என்கிறது. 1950-51இல் ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் நடுவிரலை மடக்கி வீசி இங்கிலாந்தைக் கலங்கடித்தார். 2008 ஆசியக் கோப்பை இறுதியில் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் இந்தியாவின் 6 விக்கெட்டை 13 ரன்னுக்குச் சாய்த்தார். அஸ்வின் இதைக் கற்றது சென்னைத் தெருவில், டென்னிஸ் பந்தில். அங்கிருந்து கிரிக்கெட் பந்துக்குக் கொண்டுபோனதுதான் கடினம். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது, கிரிக்கெட் பந்து 160 கிராமை ஒட்டி நிற்கும். ஒற்றை விரல் அத்தனை எடையைச் சுழற்றி, 22 கஜம் தள்ளி, குறித்த இடத்தில் விழவைக்க வேண்டும்.

கடற்கரையிலிருந்து திரும்பி எஸ்.ஆர்.பி. டூல்ஸ் அருகே திருப்போரூர் பஸ் ஏறினால் பயணத்தின் முதல் பாதி தொடங்குகிறது. மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையின் நடுவைத் தகரத் தடுப்பு வைத்து மறித்திருக்கிறார்கள். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டும்வரை பஸ் ஊர்கிறது. அலுவலகக் கூட்டம் இறங்க இறங்க, நாவலூருக்குப் பிறகு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைக்கும். சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் போய் அடுத்துக் காலவாக்கம். எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி இங்கேதான். எச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் 1996இல் தொடங்கி, தம் தந்தை சிவசுப்பிரமணிய நாடார் பெயரை வைத்தார்.

வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்கிறார். உள்ளே மரங்களும் மஞ்சள் வெயிலும், தூரத்தில் கட்டட வரிசையும் தெரிகின்றன. இங்கேதான் அஸ்வின் தகவல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்தார். வீடு மேற்கு மாம்பலத்தில். கல்லூரி வாசலிலிருந்து வீட்டு வாசல் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். சென்னைக் கிரிக்கெட்டின் முக்கியமான மைதானங்களும் கிளப்புகளும் வலைப்பயிற்சியும் பெரும்பாலும் நகரத்துக்குள்தான். இந்தச் சாலையில் தினமும் இரண்டு வேளை போய்வருகிறவர்களுக்கு அந்தத் தூரத்தின் அர்த்தம் தெரியும். 2006 டிசம்பரில், 20 வயதில், ஹரியானாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். பட்டமும் கிரிக்கெட்டும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடிய வருடங்கள் அவை.

டைடல் பார்க் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது அமெரிக்காவில் இருப்பார்கள். அவர்கள் ஊரில் இதே கதை எப்படி நடக்கும் என்று கேட்டால் வேறு விடை வரும். அங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற ஆட்டம். குவார்ட்டர்பேக் என்கிறவர் பந்தை எறிவார். மைதானத்தின் ஓரத்திலிருந்து, முன்பே வகுத்த பாதையில் பாய்ந்து ஓடி அதைப் பிடிக்கிறவர் வைட் ரிசீவர். அந்த இடத்தில் ஆடியவர்களில் பெரிய பெயர் ஜெர்ரி ரைஸ். மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கொத்தனார் மகன். அப்பாவுக்குச் சிற்றாளாக நின்று, சகோதரர்கள் எறிந்த செங்கற்களைப் பிடித்தே கை பழகியது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அழைக்கவில்லை. இட்டா பீனா என்ற குட்டி ஊரில் இருக்கும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1984இல் அந்தக் கல்லூரிக்காக 112 பந்துகளைப் பிடித்து 1,845 யார்டு சேர்த்தார்.

அடுத்து நடந்ததுதான் அமெரிக்க முறை. கல்லூரி முடித்த வீரர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய ஆண்டு கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்குக் கடைசி வாய்ப்பு. 1985இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ்தான் சாம்பியன். ரைஸை விட்டுவிடக்கூடாது என்று தன் தேர்வுகள் சிலவற்றை நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து, 16ஆவது இடத்துக்கு முன்னேறி அவரை எடுத்தது. இருபது சீசன் ஆடி, 1,549 பந்து பிடித்து, 22,895 யார்டு சேர்த்தார். அந்த யார்டு கணக்கில் இரண்டாவதாக இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு அவரைவிட 5,000 யார்டுக்கு மேல் பின்னால் நிற்கிறார். இட்டா பீனாவின் கல்லூரி ஸ்டேடியத்துக்கு ரைஸ் பெயரையும், அங்கே அவருக்குப் பந்து எறிந்த வில்லி டோட்டன் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்த நாட்டில் பள்ளி முடித்து மூன்று ஆண்டு கழியாமல் தொழில்முறை லீக்குக்குள் நுழைய முடியாது. அந்த ஆண்டுகள் கல்லூரி மைதானத்தில்தான் கழியும். ஆகவே கல்லூரிதான் ஏணி. சென்னையில் கல்லூரி ஒரு பக்கம், ஏணி வேறொரு பக்கம். இங்கே ஏறுகிற படி தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் (டி.என்.சி.ஏ.) லீக். கீழ் டிவிஷன்களில் தொடங்கி முதல் டிவிஷன்வரை கிளப்புகள், பின்னணியில் இந்தியா சிமென்ட்ஸ், கெம்ப்ளாஸ்ட், இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலையும் கிடைக்கும், மேட்ச் அன்று அலுவலகத்துக்குப் போகாமல் இருக்க அனுமதியும் கிடைக்கும். மற்ற ஆட்டங்களுக்குத் தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. விளையாட்டில் பிழைக்க முடியுமா என்ற வீட்டுக் கேள்விக்கு இந்த நகரம் பல பத்தாண்டுகள் சொன்ன பதில் அந்த வேலைதான்.

ஐ.பி.எல். தொடங்கிய 2008இல் அமெரிக்க முறையைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்தார்கள். பெரிய வீரர்கள் பிப்ரவரியில் ஏலத்தில் போனார்கள். பத்தொன்பது வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை வென்று வந்த பையன்களுக்குத் தனியாக டிராஃப்ட். டெல்லிக்கு வாய்ப்பு முதலில் வந்தது. அது சொந்த ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார்.

காலவாக்கத்திலிருந்து தியாகராய நகர் பஸ் பிடித்துத் திரும்பினால், ரங்கநாதன் தெருக் கூட்டத்தைக் கடந்து, ரயில் பாதையைத் தாண்டி மேற்கு மாம்பலம். அரை கிலோமீட்டருக்குள் வேறு ஊர். அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம், ஆரிய கவுடா சாலையில் காய்கறிக் கூடைகள், மெஸ் வாசலில் கையில் டபராவோடு நிற்கும் ரிட்டயர்டு மனிதர்கள். ராமகிருஷ்ணபுரத் தெருக்களில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். இந்த அகலத்தில் கிரிக்கெட் ஆடினால் நேராக அடிக்கத்தான் கை பழகும். பக்கவாட்டில் அடித்தால் யார் வீட்டு ஜன்னலோ.

அஸ்வினின் அப்பா ரவிச்சந்திரன் ரயில்வே ஊழியர், கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். மகன் தொடக்க ஆட்டக்காரராகத்தான் புறப்பட்டார். பதினேழு வயதுக்குட்பட்ட இந்திய அணிக்கே தொடக்க பேட்ஸ்மேனாக ஆடினார். பதின்ம வயதில் இடுப்பெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்து எழுந்த பிறகு, வேகமாக ஓடிவந்து வீசுவதற்குப் பதிலாகச் சுழற்பந்து போட்டுப் பார் என்று யோசனை சொன்னவர் அம்மா சித்ரா. 2024இல் வந்த அஸ்வினின் தன்வரலாற்றுப் புத்தகத்தின் தலைப்பிலேயே தெரு இருக்கிறது. 2025இல் அந்தப் பகுதித் தெரு ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்ட மாநகராட்சி முடிவெடுத்தது.

மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கிண்டி. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அண்ணா பல்கலைக்கழக வாசலுக்கு வந்துவிடலாம். உள்ளே சிவப்புக் கட்டடம், நடுவில் கோபுரம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் இந்த வளாகத்துக்கு வந்த கிண்டி பொறியியல் கல்லூரி. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் இங்கே படித்தவர்கள்.

ஸ்ரீகாந்த் படித்தது மின்பொறியியல். ஹெல்மெட்டுக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஸ்கொயர் லெக் பக்கம் நடந்து, சூரியனைப் பார்த்துவிட்டு வந்து அடிக்கிறவரிடம் பொறியியலின் நிதானத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1981 நவம்பர் 25இல் ஒருநாள் அறிமுகம், 27இல் டெஸ்ட் அறிமுகம். 22ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. 1983 உலகக் கோப்பை இறுதியில் ஆண்டி ராபர்ட்ஸை முழங்கால் மடக்கி அடித்த பவுண்டரியோடு எடுத்த 38தான் அன்று இரு அணியிலும் அதிகபட்ச ஸ்கோர். பின்னாளில் தேர்வுக்குழுத் தலைவரானார். 2011 உலகக் கோப்பைக்கு அவருடைய குழு எடுத்த பதினைந்து பேரில் அஸ்வின் ஒருவர். கிண்டிக்காரர் காலவாக்கத்துக்காரரைத் தேர்ந்தெடுத்தார்.

வளாகத்தின் கிழக்குப் பக்கமாக வந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். இன்னும் கொஞ்சம் நடந்தால் கோட்டூர்புரம் நிலையம், மறுபடி பறக்கும் ரயில். அடையாற்றைக் கடக்கும்போது காற்று வருகிறது. பக்கிங்காம் கால்வாயின் மேலேயே வண்டி போவதால் கால்வாயின் வாசனையும் வருகிறது. பசுமைவழிச் சாலை, மந்தைவெளி, திருமயிலை.

திருமயிலையில் இறங்கினால் லஸ். சென்னைக் கிரிக்கெட்டில் இந்தியர்கள் பங்கு தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுடையது. இந்தியர்களுக்கு உறுப்பினர் ஆகும் வாய்ப்பில்லை. லஸ் ஹவுஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, உள்ளூர்ப் பையன்களுக்குத் தம் செலவில் பேட்டும் பந்தும் உடுப்பும் கொடுத்து ஆடவைத்தார். இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் ஒரு போட்டி நடத்த ஏற்பாடு செய்து, அதைப் பார்க்காமலே 1908இல் இறந்துபோனார். அந்தப் போட்டிதான் பிறகு பொங்கல் மேட்ச் என்று பெயர் வாங்கியது. அவர் பெயரில் 1909இல் தொடங்கிய புச்சி பாபு கோப்பை இப்போதும் நடக்கிறது. ரஞ்சிக் கோப்பையைவிட அது கால் நூற்றாண்டு மூத்தது. கல்லூரியை நம்பாமல் கிளப்பை நம்பிய சென்னை வழக்கத்துக்கு இத்தனை வயது.

ஸ்ரீகாந்த் படித்த வித்யா மந்திர் பள்ளி இங்கிருந்து நடக்கிற தூரம். கடற்கரைப் பக்கம் போனால் சாந்தோமில் செயின்ட் பீட்ஸ் பள்ளி. அஸ்வினுக்கு ஆஃப் ஸ்பின் போடச் சொல்லி ஊக்கம் கொடுத்த பயிற்சியாளர் சி.கே. விஜய் அங்கேதான் இருந்தார்.

அடுத்த ரயில். முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் வருவதற்குள் வண்டியில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியத்தின் முதுகு தண்டவாளத்தை ஒட்டி நிற்கிறது. மேலே வெள்ளைக் கூரை விதானங்கள், கீழே மாடி மாடியாக இருக்கைகள். சிஎஸ்கே ஆட்டம் நடக்கும் மாலைகளில் இந்த நிலையத்தின் படிக்கட்டு மஞ்சளாகிவிடும். மற்ற நாளில் இரண்டு பெட்டிக்கடை, வெள்ளரித் துண்டு விற்கிறவர், தூண் நிழலில் தூங்கும் ஆட்டோக்காரர்.

1934இல் இங்கே முதல் டெஸ்ட். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். அஸ்வினுக்கும் பெரிய நாட்கள் பல இங்கே வாய்த்தன. உலகக் கோப்பையில் முதல் ஆட்டம் 2011 மார்ச் 20இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. புதுப் பந்தைச் சுழற்பந்து வீச்சாளரிடம் கொடுத்தார் தோனி. இரண்டு மாதம் கழித்து ஐ.பி.எல். இறுதி. அந்தத் தொடரில் எல்லோரையும் சிதறடித்த கிறிஸ் கெய்லை முதல் ஓவரிலேயே ரன் எதுவும் எடுக்கவிடாமல் கீப்பர் கேட்சில் அனுப்பினார். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக 43 ரன்னுக்கு 5 விக்கெட், அதே டெஸ்டில் 106 ரன். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன், 88க்கு 6 விக்கெட். ஸ்டாண்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரை அஷ் அண்ணா என்று கூப்பிட்டார்கள். மூன்று மாதத்தில், டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். 106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியாவில் கும்ப்ளேவின் 619 மட்டும்தான் அதற்கு மேல். கும்ப்ளேவும் பொறியாளர்தான், பெங்களூர் ஆர்.வி. கல்லூரி.

அஸ்வினுக்குப் பிறகு வரும் பையன்களிடம் இந்தப் பாதை மாறிவிட்டது. 2017 ஐ.பி.எல்.லில் காயத்தால் அஸ்வின் ஒதுங்க, புனே அணி அவர் இடத்துக்குக் கொண்டுவந்தது 17 வயது வாஷிங்டன் சுந்தரை. வீட்டில் பிளஸ் டூ பேச்சு நடக்கும் வயதில் அவர் ஐ.பி.எல். இறுதி ஆடிவிட்டார். சாய் சுதர்சனுக்கு 2023இல் குஜராத் கொடுத்தது 20 லட்சம் ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு மாத உள்ளூர் லீக்கே இப்படிக் கொடுக்கும்போது, நாலு வருடப் பி.டெக்.கை முடித்துவிட்டு ஆடு என்று சொல்லும் பெற்றோருக்குக் கையில் இருந்த பழைய கணக்கு செல்லாமல் போகிறது. காலவாக்கத்து வகுப்பறைக்கும் மாம்பலத்து வீட்டுக்கும் நடுவே ஓடிய அந்த இரட்டை வாழ்க்கையை வாழ்ந்த பெரிய வீரர்களில் அஸ்வின் கடைசியாக இருக்கக்கூடும்.

பயணம் சேப்பாக்கத்தோடு முடியாது. மூவரில் மூத்தவர் டெஸ்டுக்குள் நுழைந்த மைதானம் இதுவல்ல. ரயில் சிந்தாதிரிப்பேட்டை தாண்டிப் பூங்கா நகரில் நிற்கும்போது இறங்கி, ரிப்பன் மாளிகைப் பின்பக்கமாக நடந்தால் நேரு ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை மெட்ராஸ் டெஸ்ட்கள் இங்கே நடந்தன. கடைசியாக நடந்தது நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட், 1965 பிப்ரவரி இறுதியில். இருபது வயது நிரம்பாத வெங்கட்ராகவன் அதில் அறிமுகமானார். அதே தொடரில் டெல்லியில் 12 விக்கெட் எடுத்தார். 57 டெஸ்ட் ஆடி, 156 விக்கெட் வீழ்த்தி, 1975, 1979 உலகக் கோப்பைகளில் அணித் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் இந்திய வீரருக்கு ஆட்டம் ஒரு முழுநேர வேலை ஆகவில்லை. அவருக்கு அது வேலையானது ஓய்வுக்குப் பிறகு. அம்பயராக 73 டெஸ்டில் நின்றார். 2002இல் ஐ.சி.சி. முழுநேர ஒப்பந்தத்தோடு எலீட் பேனல் அமைத்தபோது முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. நேரு ஸ்டேடியத்தில் இப்போது கிரிக்கெட் இல்லை, சென்னையின் எஃப்சி கால்பந்து ஆடுகிறது. சுற்றுச்சுவர் ஓரத்தில் ஜெர்சிக் கடைகள், ஷூ கடைகள். மாலை ஆறு மணிக்கு அங்கே பேரம் பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்தில் கல்லூரிப் பையன்கள்தான் அதிகம்.